ராகு காலத்து வாடகை

எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்களில் சிலர் இன்னும் அந்த வடையைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு வடை ஞாபகமில்லை. லாட்ஜின் மாடி ஜன்னல்தான் ஞாபகமிருக்கிறது. அதன் கம்பிக்கு யாரோ பச்சைப் பெயிண்ட் அடித்து, அது காய்வதற்குள் ஈரத் துணியைப் போட்டிருக்கிறார்கள். பெயிண்டில் நூல் நூலாக ஒட்டியிருந்தது. தாலி ஏறிய அன்று மத்தியானம் முழுக்க நான் அந்த நூலை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசி. அப்பாவுக்கு மில்லில் வேலை. முதலியார்பேட்டையில் எங்கள் வீடு ஒரு கூடமும் ஒரு சமையல்கட்டும்தான். மாப்பிள்ளை வீட்டார் மரக்காணம் பக்கத்து விவசாயக் குடும்பம். மாமனார் தவறிப்போய் வெகு காலம் ஆகியிருந்ததால் அந்த வீட்டில் எல்லாம் மாமியார் சொல்வதுதான். நிச்சயதார்த்தத்தன்றே அவர் சொல்லிவிட்டார்: "எங்க ஆளுங்களைச் சத்திரத்துல பாய் போட்டுப் படுக்க வெக்காதீங்க. ஒரு ராத்திரின்னாலும் மரியாதையா தங்கணும்." அப்பா உடனே தலையை ஆட்டினார். பெண்ணைப் பெற்றவர்களுக்கு அந்தக் காலத்தில் தலை ஆட்டுவதற்கென்றே படைக்கப்பட்டிருந்தது.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த லாட்ஜ் இருந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்து மாடி வீடு. நடுவில் முற்றம், மாடியில் சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள். முதலாளி ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தார். லாட்ஜைப் பார்த்துக்கொள்ள ஒரு மேனேஜர் இருந்தார்.

மாப்பிள்ளை வீட்டுக்காக நாலு அறைகளும், சீர் சாமான் வைக்கக் கீழே ஒரு சின்ன அறையும் பேசி முடித்தபோது நானும் அப்பாவோடு போயிருந்தேன். சுவரில் பகல் பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும் என்று ஒரு போர்டு தொங்கியது. அப்பா அதைக் காட்டி, "பன்னெண்டுக்குள்ள எப்பிடித் தம்பி முடியும்? பந்தியே அப்பதான் முடியும்" என்றார்.

"அது யாவாரத்துக்கு வர்றவங்களுக்குப் போட்டது. கல்யாணப் பார்ட்டிக்கு என்னா? சாப்ட்டு மெதுவா கெளம்புங்க" என்றார் மேனேஜர்.

அப்பா அதை நம்பினார். யார் எதைச் சொன்னாலும் நம்புவது அவருக்கு ஒரு வியாதி. அதை எழுதித் தரச் சொல்லுங்கள் என்று நான் காதில் கிசுகிசுத்தேன். "நல்ல காரியத்துல போய் எழுத்தா கேப்பாங்க?" என்று என்னையே முறைத்தார்.

கல்யாணம் புதன்கிழமை காலையில் நல்லபடியாக முடிந்தது. பந்திதான் தாமதமாகிவிட்டது. விறகு ஈரமென்று சமையல்காரர் சொன்னார். வெற்றிலை போட்டுவிட்டு எல்லோரும் சத்திரத்திலிருந்து லாட்ஜுக்கு வந்து மூட்டை கட்டத் தொடங்கும்போது பன்னிரண்டுக்குக் கொஞ்சம்தான் பாக்கி. புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டுக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியும். நாள்காட்டி பார்க்காமலே இதைச் சொல்லக்கூடியவர் என் மாமியார்.

"இனிமே ஓட முடியாது. பையை மட்டும் இப்பவே வெளிய வெச்சிடுங்க" என்றார்.

பரஸ்தானம் என்று அதற்குப் பெயர். நல்ல நேரத்தில் புறப்பட முடியவில்லையென்றால், அந்த நேரத்துக்குள் நம் பை ஒன்றை எடுத்துப் போய் வேறு ஒரு இடத்தில் வைத்துவிடுவது. பை போய்விட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. என் புதுப் புடவைகள் இருந்த ரெக்ஸின் பையை எதிரே இருந்த சைக்கிள் கடையில் கொண்டுபோய் வைத்தவர் வேறு யாருமில்லை, மேனேஜர்தான். அதற்கு அப்பாவிடம் காபிக் காசும் வாங்கிக்கொண்டார்.

பைதான் போய்விட்டதே, நாமும் கிளம்பலாமே என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "மத்ததுக்கெல்லாம் பை போனாப் போதும். வூட்டுக்கு வர்ற பொண்ணு ராகு காலத்துல படி தாண்டக் கூடாது. ஒண்ணரை ஆவட்டும்" என்றார். சாப்பிட்ட களைப்பில் மற்ற அறைகளில் இருந்தவர்கள் கையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார்கள்.

எங்கள் அறையில் நாலு பேர். மாமியார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் துணையாக மரக்காணம் வரை வரவேண்டிய என் சித்தி மூலையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். காலையில் எனக்குத் தாலி கட்டியவர் நாற்காலியில் உட்கார்ந்து மாலையைக் கழற்றலாமா கூடாதா என்று யோசிப்பவரைப் போலிருந்தார். நாங்கள் இருவரும் இன்னும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நான் முற்றத்தைப் பார்த்த ஜன்னலோரம் நின்றிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அந்தக் கதவைத் தாண்ட எனக்கு அனுமதியில்லை.

அப்போதுதான் கீழேயிருந்து பேச்சு கேட்டது.

"நாலு ரூமுக்கும் இன்னொரு நாள் வாடகை ஆயிடுச்சு" என்றார் மேனேஜர். அப்பா என்ன சொன்னார் என்று முதலில் கேட்கவில்லை. அவர் குரலை மிகவும் தாழ்த்திப் பேசினார். வீட்டுக்கு வட்டிக்காரர் வந்தால் அப்பா அந்தக் குரலில்தான் பேசுவார், அதனால் எனக்குப் பழக்கம். கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. நீங்கள்தானே சாப்பிட்டு மெதுவாகக் கிளம்பச் சொன்னீர்கள் என்று கேட்கிறார். பையை நீங்களே கொண்டுபோய் வைத்தீர்களே என்கிறார். மேனேஜருக்குக் குரலைத் தாழ்த்த வேண்டிய அவசியம் எதுவுமில்லை.

"பை போச்சு, சரி. ஆளு போவலியே?"

இதற்கு அப்பா சத்தமாகச் சிரித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிரிக்க அதில் ஒன்றுமில்லை. மறுபடி மேனேஜர் குரல் உயர்ந்தது, மறுபடி அப்பா சிரித்தார். மூன்றாவது முறைதான் எனக்கு விளங்கியது. மேலே இருக்கிற சம்பந்தி வீட்டாருக்கு அது சண்டையாகக் கேட்கக் கூடாது. பழகிய இரண்டு பேர் கேலி பேசிக்கொள்வதாகக் கேட்க வேண்டும்.

"கீழ என்னா சத்தம்?" என்றார் மாமியார்.

"அப்பா மேனேஜர்கிட்ட பேசிக்கினு இருக்காரு அத்தை. ரெண்டு பேரும் பழக்கமாயிட்டாங்க" என்றேன். அவரை முதன்முதலாக அத்தை என்று கூப்பிட்டேன், அதே வாயால் முதல் பொய்யையும் சொன்னேன்.

அப்பாவின் கையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சத்திரத்துக்கும் சமையலுக்கும் கொடுத்தது போக, இவர்களை மரக்காணத்தில் கொண்டுபோய் விடும் வேனுக்கான வாடகை மட்டும்தான் அவர் சட்டைப்பையில் இருந்தது. அதை மேனேஜரிடம் கொடுத்தால் வேன் நகராது. கொடுக்காவிட்டால் கீழ் அறையில் இருக்கும் பீரோவும் அண்டாவும் நகராது, அந்த அறையின் சாவி மேனேஜரின் இடுப்பில். யாரிடமாவது கைமாற்று வாங்கலாமென்றால் பாண்டிச்சேரியில் மத்தியானம் கடை கண்ணி எல்லாம் சாத்திவிட்டுத் தூங்குவார்கள், வெள்ளைக்காரன் போன பிறகும் விடாத பழக்கம் அது. முதலாளியும் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பும் தைரியம் மேனேஜருக்கு இல்லை. அம்மா சத்திரத்தில் பாத்திரங்களுக்குக் காவல். அப்பா தனியாக அந்த முற்றத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு நகைக்கும் பட்டுப் புடவைக்கும் நடுவில் வேர்த்துக் கொட்டியது. யாரை அடிக்கலாம் என்று வந்தது. மேனேஜரையா, எழுதி வாங்காத அப்பாவையா, கட்டிலில் கண் மூடி உட்கார்ந்திருந்த அத்தையையா என்று தெரியவில்லை.

"அத்தை, கொல்லைக்குப் போவணும்" என்றேன்.

மாமியார் யோசித்தார். கக்கூஸ் கீழே முற்றத்தின் கடைசியில் இருந்தது. "கொல்லைக்குப் போறது பொறப்படறது ஆவாது. கையில எதுவும் எடுத்துக்காத, போயிட்டு நேரா வா" என்றார். பெரிய சட்டச் சிக்கல் ஒன்றைத் தீர்த்த திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. நான் வெறுங்கையோடு படி இறங்கினேன்.

அப்பா என்னைப் பார்த்ததும் சிரிப்பதை நிறுத்திவிட்டார். நான் நேராக மேனேஜரிடம் போனேன்.

"அன்னிக்கு நானும்தானே இருந்தேன். சாப்ட்டு மெதுவா கெளம்புங்கன்னு நீங்க சொன்னீங்களா இல்லையா?"

கல்யாணப் பெண் வந்து வழக்குப் பேசுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த சாவிகளை நகர்த்தி வைத்தார். "சொன்னேம்மா. அரை மணி முன்னப் பின்ன ஆவும்னு சொன்னேன். ராகு காலத்துக்கெல்லாம் நான் சொல்லல" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "ஒண்ணு செய்யிங்க. இப்பவே எல்லாரும் காலி பண்ணிடுங்க. நான் ஒரு காசு கேக்கல. ஒண்ணரை வரைக்கும் உக்காந்தீங்கன்னா முதலாளி எழுந்து வந்து கேப்பாரு. பன்னெண்டுக்கு மேல எவ்ளோ நேரம் வுட்டேன்னு பாத்து என் சம்பளத்துல புடிப்பாரு. நானும் புள்ளக்குட்டிக்காரன்."

அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். அதனால் அவர்மேல் எனக்கு இருந்த கோபம் குறையவில்லை, ஆனால் எனக்கு வழி தெரிந்துவிட்டது.

"அப்பா, நான் போயி அத்தைகிட்ட சொல்றேன். இப்பவே கெளம்பிடலாம். ராகு காலத்துல கெளம்பி இதுவரைக்கும் எவனும் செத்துப் போவல."

"நீ மேல போ" என்றார் அப்பா.

"எதுக்குப்பா இல்லாத காசைக் குடுக்கணும்? வேனுக்கு என்னா பண்ணுவ?"

"மேல போன்னு சொல்றேன் இல்ல?"

அப்பா என்னை அதட்டியது என் ஞாபகத்தில் அது ஒரு முறைதான். பிறகு அந்த வட்டிக்காரக் குரலுக்குத் திரும்பினார். "நாளைக்கு அந்த வூட்டுல ஒரு மாடு செத்தாக்கூட உன்னைத்தான் சொல்லுவாங்க. ராகு காலத்துல வந்தவன்னு சொல்லுவாங்க. அதுக்கு நீ யாருகிட்ட போயி வழக்காடுவ?"

வழக்கில் நான் ஜெயிக்கும் நேரத்தில் என் கட்சிக்காரரே என்னை மேலே அனுப்பிவிட்டார். படியேறும்போது அப்பா மேனேஜரிடம் மெல்ல ஏதோ பேரம் பேசுவது கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை. அறைக்குள் வந்து மறுபடியும் ஜன்னலோரம் நின்றேன். நாற்காலியில் இருந்தவர் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். கீழே பேசியது அவருக்கும் கேட்டதா என்று நான் இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை.

அந்த ஒரு மணி நேரம் நகரவேயில்லை. பெயிண்டில் இருந்த நூலெல்லாம் தீர்ந்து, நான் பெயிண்டையே உரிக்கத் தொடங்கியிருந்தேன்.

ஒன்றரை ஆனதும் மாமியார் எழுந்து புடவையை உதறிக்கொண்டார். எல்லோரும் இறங்கினோம். சீர் அறை திறந்திருந்தது. பீரோவை ஏற்கெனவே வேனில் ஏற்றியிருந்தார்கள். சைக்கிள் கடைக்காரரைத் தட்டி எழுப்பி என் ரெக்ஸின் பையை வாங்கி வந்திருந்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒரு நிமிஷம் நம்பி நிம்மதியாக மூச்சுவிட்டேன். மேனேஜரின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு கிடந்தது. அப்பா அதில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து மாமியாரைக் கும்பிட்டார்.

"நீங்க முன்னால போங்க சம்மந்தி. எனக்கு இங்க கொஞ்சம் வேலை இருக்குது."

பெண்ணோடு கூடவே போய், மாப்பிள்ளை வீட்டு வாசலில் அவள் கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது எங்கள் பக்கத்தில் அப்பன்காரன் செய்ய வேண்டியது. கூலி வேலை செய்கிறவனும் அதை விடமாட்டான். மாமியார் நின்றுவிட்டார்.

"என்னா வேலை? பொண்ணை எங்க வாசல்ல வுட்டுட்டு வந்து அந்த வேலையைப் பாத்தா ஆவாதா?"

"பொண்ணோட சித்தி கூட வர்றா. அவ இருந்து எல்லாம் செய்வா" என்றார் அப்பா சித்தியைக் காட்டி.

அவர் பேசிய பேரம் என்னவென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வேன் பணத்தை வேனுக்கே கொடுத்துவிட்டார். சாமானுக்குப் பதில் தன்னை வைத்துவிட்டார். முதலாளி எழுந்து வந்து கணக்கு முடிகிற வரைக்கும் அந்தப் பெஞ்சைவிட்டு நகர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் குனிந்து சாவிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அங்கேயே கத்தியிருக்கலாம். உங்கள் ராகு காலத்துக்கு என் அப்பா அடமானம் இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்றும் தெரிந்தது. குற்றம் மாமியாரின் சாஸ்திரத்தின்மேல் போய் விழும். அவருடைய ஆட்கள் அத்தனை பேர் முன்னால் அது விழும். அந்த மாமியாரோடு அந்த வீட்டில் மிச்ச ஆயுளுக்கும் இருக்கப் போகிறவள் நான். அப்பா இதையெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்து முடித்திருக்கிறார். நான் வேனில் ஏறினேன்.

ஊர் எல்லையில் பிள்ளைச்சாவடி தாண்டுவதற்கு முன்பே பேச்சு ஆரம்பித்துவிட்டது. "அப்பிடி என்னா தலைபோற வேலை" என்றார் ஒருவர். "பாரம் எறங்கிச்சின்னு இருந்துட்டாரு" என்றார் இன்னொருவர். சித்தி என் கையை அழுத்தினாள். அவளுக்கும் விஷயம் தெரியாது. மரக்காணத்தில் வாசல் நிறையப் பெண்கள் ஆரத்தியோடு நின்றிருந்தார்கள். என் கையைச் சித்தி பிடித்துக் கொடுத்தாள். "அப்பன்காரன் வரல" என்று மாமியார் அவர்களுக்குச் சொன்னார். அதன்பிறகு எனக்கு அந்தத் தெருவில் பெயரே அதுதான், அப்பன் வந்து விடாத பொண்ணு.

ஆடி மாதம் தாய் வீட்டுக்கு வந்தபோது அம்மா மீதியைச் சொன்னாள். நாலு மணி வாக்கில் சொல்தா எழுந்து, முகம் கழுவி, சட்டையை இஸ்திரி கலையாமல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அப்பா எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். மெதுவாகப் போகச் சொன்னது, பை போனது, ராகு காலம், எல்லாம். அவர் கேட்டுவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பி, "கல்யாண வூட்டுக்காரங்ககிட்டயா இதை வாங்குவ? வுட்டுடு" என்றிருக்கிறார். அவ்வளவுதான். அப்பாவுக்குக் காபி வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். சம்பளத்தில் பிடிக்கவும் இல்லை.

"ஒரு காசு குடுக்கல பாத்தியா? நியாயம் நம்ம பக்கம்" என்று அப்பா சந்தோஷமாகச் சொன்னார். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. நான் சமையல்கட்டுக்குப் போய் அழுதேன். அந்த ஆளைப் பகலில் ஒரு தட்டுத் தட்டி எழுப்பியிருந்தால் அப்பா என்னோடு வேனில் வந்திருப்பார். அந்த ஒரு வார்த்தைக்காக நாலு மணி வரை காத்திருந்து ஜெயித்துவிட்டு, முதலியார்பேட்டைக்கு நடந்தே போயிருக்கிறார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் மூத்தவளுக்குக் காது குத்தினோம். அப்பா அரிசி, வெல்லம், சின்னதாக ஒரு ஜோடிக் கம்மலோடு மரக்காணத்துக்கு வந்தார். பந்தி நடந்தது. சொந்தக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். மாமியார் எதிரே வந்து நின்றார். அவர் கெட்டவர் இல்லை. மனதில் இருப்பதைக் கேட்காமல் விடத் தெரியாதவர்.

"இத்தினி வருஷம் ஆச்சு சம்மந்தி. இன்னிக்காவது சொல்லுங்க. அன்னிக்கு ஏன் பொண்ணு கூட வரல?"

இலைகளின் முன்னால் எல்லாக் கைகளும் நின்றன. நான் பாயச வாளியோடு அப்பாவுக்கு நேர் எதிரில் இருந்தேன். சொல்லிவிடுங்கள் என்று எனக்கு வாய்வரை வந்தது. அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். அந்த வட்டிக்காரக் குரல் இல்லை. எல்லோருக்கும் கேட்கும்படி நன்றாகவே சொன்னார்.

"அன்னிக்கு எனக்கு ரெண்டாவது ஷிப்ட்டு. லீவு போட்டா சம்பளத்தைப் புடிச்சிருப்பான்."

யாரோ தொண்டையைச் செருமினார்கள். "பொண்ணு கல்யாணத்தன்னிக்குக் கூடவா?" என்றார் மாமியார். அவர் குரலில் கோபமில்லை. இத்தனை நாள் தான் நினைத்தது சரிதான் என்ற நிம்மதி இருந்தது.

"என்னா பண்றது" என்றார் அப்பா, சாதத்தைப் பிசைந்தபடி.

நான் குனிந்து அவர் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினேன். போதும் என்று அவர் கையை நீட்டினார். அந்தக் கைமேலேயே ஊற்றிக்கொண்டிருந்தேன் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.